வலப்பக்கம் திருப்பினேன்

தயிருக்குள்ள கரண்டி இறங்க மாட்டேங்கு. குத்துனா டங்குன்னு சத்தம் கேக்கு. எழவு ஃப்ரிட்ஜு, எல்லாத்தையும் கல்லாக்கி வச்சிருக்கு. பிளக்கைப் பிடுங்கியாச்சு, கதவை விரியத் தொறந்து போட்டாச்சு, பழைய வேட்டி ரெண்டை மடிச்சு அடியில விரிச்சாச்சு, முக்காலியை இழுத்துப் போட்டு எதுக்க உக்காந்தாச்சு. மணி பத்தே முக்கால். உருகட்டும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும், ரிட்டயர்டு ஆளுக்கு என்ன ஜோலி. மேல இருக்க ஐஸ் பெட்டிக்கு வாயே தெரியல, தலையணை கணக்கா வெள்ளையாப் புடைச்சுக்கிட்டு நிக்கு. கத்தியை வச்சு ஒரு நெம்பு நெம்புவமான்னு கை பரபரங்கு. வேண்டாம். உள்ளாற குழாய் ஓடும், ஓட்டை விழுந்தா கேஸு போயிரும், பொறவு பெட்டியைக் காயலான்கடையிலதான் போடணும். உள்ள இருந்ததை எல்லாம் தரையில பரப்பி வச்சிருக்கேன். மாவுச்சட்டி, விறைச்சுப்போன கத்தரிக்கா, தொட்டா நொறுங்குத கொத்தமல்லி, பாதி எலுமிச்சம்பழம், விருந்தாடிக்குன்னு வச்சிருக்க நன்னாரி சர்பத் பாட்டில். உள்ரூம்ல உலகு படுத்திருக்கா. உலகம்மாள், என் பொண்டாட்டி, முப்பத்தாறு வருசமா. சுவரைப் பாத்துத்தான் படுத்திருப்பா, எட்டிப் பாக்காமலே சொல்லிருவேன். நேத்து சாயங்காலத்துல இருந்து என்கூடப் பேச்சு இல்ல. காலையில இட்லித் தட்டை முன்னால வச்சா, டம்ளரை ணங்குன்னு வச்சா, போயிட்டா. அவளும் சரியாத் திங்கல. ஒரு இட்லியை எடுத்து, அதுலயும் பாதியைக் காக்காய்க்கு வச்சா. கோவம். இருக்கட்டும், எனக்கும்தான் கோவம். ரெண்டு பேரு கோவத்துக்கும் நடுவுல இந்த ஃப்ரிட்ஜு சொட்டு சொட்டுன்னு ஒழுகிக்கிட்டு இருக்கு.

இதுக்கு என்ன கேடு வந்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. ஆனிக் காத்து அடிக்க ஆரம்பிச்ச வாரம், பால் மேல பொருக்குப் பொருக்கா ஐஸ் பூத்துச்சு. சரி, வெயில் தணிஞ்சிருச்சு, இனி இம்புட்டுக் குளிர் வேண்டாம்னு உள்ள இருக்க அந்தத் திருகைக் கொஞ்சம் அடைச்சேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா மாவு உறைஞ்சு கிடக்கு. இன்னும் கொஞ்சம் அடைச்சேன். அடுத்த வாரம் கத்தரிக்கா. இந்தா, இதுக்கு மேல திரும்பாதுன்னு முட்டி நிக்குத மட்டும் அடைச்சேன், இன்னைக்குத் தயிரே கல்லாப் போச்சு. அடைக்க அடைக்கக் கூடுதுன்னா அது என்ன மிஷினு? கோட்டி புடிச்ச மிஷினு. முப்பத்து நாலு வருசம் முனிசிபாலிட்டித் தண்ணித் தொட்டியில வால்வு திருப்புன கை இது. கோமதிநாயகம் திருப்புனா ஒரு சொட்டுக் கூட ஒழுகாதுன்னு பாளையங்கோட்டையில பாதித் தெருவுக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு குணம், எது எத்தனை சுத்துல அடையும், எது கடைசிச் சுத்துல முரண்டு பிடிக்கும், எல்லாம் கைக்குத் தெரியும், மூளைக்கே போக வேண்டாம். அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஃப்ரிட்ஜுத் திருகு பெப்பே காட்டுது. அதுல நம்பர் போட்டுத்தான் வந்துச்சு. மகள் செண்பகா சென்னையில இருந்து அனுப்பி வச்சப்பம் ஒண்ணுல இருந்து ஏழு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. இவ இருக்காள்லா, உலகு, எதைக் கண்டாலும் தேய்ப்பா. நாரை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு ஏழு நம்பரையும் அழிச்சுட்டா. சாமி படத்துல சாமி முகம் இருக்கதே பெரிய காரியம்.

தேய்க்கதுல மட்டும் குறைச்சல் இல்ல. வாயைக் கட்டுததுலதான் கோட்டை விட்டுட்டா. ஆறு வருசமா ஊசி போடுதோம், நான்தான் போடுதேன், ஒரு நாள் தப்புனது இல்ல, காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு. சுகர் நூத்தி நாப்பது, நூத்தி அம்பதுன்னு அடங்கி ஒடுங்கிக் கிடந்துச்சு. டாக்டர் என்னைத்தான் பாராட்டுவாரு, "நீங்க பாக்குத மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க சார்"னு. மூணு வாரமா அது பாட்டுக்கு ஏறுது. இருநூத்திப் பத்து. இருநூத்தி அறுபது. முந்நூத்திப் பத்து. மருந்து அதே மருந்து, போடுதவன் அதே நான். அப்பம் என்ன அர்த்தம்? என்னமோ தின்னுருக்கான்னு அர்த்தம். கணக்கு அம்புட்டுதான். தொட்டியில தண்ணி ஏறுதுன்னா எங்கனயோ குழாய் தொறந்திருக்குன்னுதான அர்த்தம்? கேட்டேன். இல்லன்னா. திருப்பிக் கேட்டேன். "ஏங்க, நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்"னா. செவ்வாக்கிழமை கோயிலுக்குப் போவா, அங்க சர்க்கரைப் பொங்கல் குடுப்பாங்க, போகாதன்னேன். போகல. அப்பவும் ஏறுச்சு. அடுக்களையில டப்பா டப்பாவாத் தொறந்து மோந்து பாத்தேன், நான், அறுபத்திநாலு வயசுல, பூனை மாதிரி. அரிசிப் பானைக்குள்ள கையை விட்டேன். அவ அடுக்களை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அந்த முகத்தை இப்பம் நினைக்க வேண்டாம். வேற எதையாவது நினைப்போம். ஜெபராஜுக்குப் போனைப் போடுவோம்.

ஜெபராஜ் ஃப்ரிட்ஜு மெக்கானிக்கு, மார்க்கெட் பக்கம் கடை. காலையில இருந்து மூணு தடவை அடிச்சுட்டேன், இப்பம்தான் எடுக்கான். "அண்ணாச்சி, ஒரு வீட்டுல ஏசியைக் கழட்டிப் போட்டிருக்கேன், சாயங்காலம்தான் வர முடியும், என்னன்னு சொல்லுங்க"ங்கான். சொன்னேன், பாலுல இருந்து தயிரு மட்டும் ஆதியோடு அந்தமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான், நல்ல பய. "கதவு நல்லா மூடுதா? ரப்பர் கிழிஞ்சிருக்கா?" இல்ல. "பொருளைப் பின்னால தகட்டுல ஒட்டி வைக்கீகளா?" ஆமா, நல்லாக் குளிரட்டும்னு சிலதைப் பின்னாலதான் வைப்பேன். "மோட்டார் நின்னு நின்னு ஓடுதா, ஒரே ஓட்டமா ஓடுதா?" ஒரே ஓட்டம்தான், ஒரு வாரமா நிக்கவே இல்ல. "அண்ணாச்சி, உள்ள நாப் ஒண்ணு இருக்கும்லா, அது எங்க நிக்கு?" அடைச்சுத்தான் வச்சிருக்கேன்டே, முழுசா அடைச்சாச்சு. "எந்தப் பக்கம் திருப்புனீக?" இது என்ன கேள்வி, அடைக்கதுன்னா எந்தப் பக்கம் திருப்புவாங்க, வலப்பக்கம்தான். கடகடன்னு சிரிக்கான். "அண்ணாச்சி, தண்ணி வால்வுதான் வலப்பக்கம் திருப்புனா அடையும். இது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. வலப்பக்கம் திருப்பத் திருப்பக் குளிரு கூடும். நீங்க மூணு வாரமாக் கூட்டிக்கிட்டே வந்திருக்கீக. மிஷின்ல ஒரு குத்தமும் இருக்காது. ஐஸ் உருகுன பொறவு இடப்பக்கம் பாதிக்குக் கொண்டு வந்து வச்சுப் பாருங்க. நானே வர வேண்டாம்." வச்சுட்டான். நான் திருகையே பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கும் சிரிப்பு வருது. கோமதிநாயகத்துக்கு இந்த அவமானம் வேணும்தான். முப்பத்து நாலு வருசப் பழக்கம் கையில ஏறி உக்காந்துக்கிட்டு மூளையைக் கிட்டயே விடல. இதை உலகுகிட்டச் சொன்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. சொல்லலாம். சிரிச்சா பேச்சு வந்துரும். இந்தக் கோவத்துக்கு இது நல்ல மருந்துன்னு எந்திரிக்கப் போனேன்.

மருந்து. எந்திரிக்கப் போன ஆளு அப்படியே நிக்கேன். மருந்துப் பாட்டில் எங்க? தரையில பாத்தேன், இல்ல. உள்ள, நடுத்தட்டுல, பின்னால தகட்டோட ஒட்டி எவர்சில்வர் டப்பா ஒண்ணு ஐஸ்ல பதிஞ்சு கிடக்கு. நான்தான் அங்க வச்சேன். மீனு, கறி வாடை படக் கூடாது, கதவுப் பக்கம் வச்சா தொறந்து தொறந்து மூடுததுல சூடாயிரும், மருந்தாச்சே, நல்லாக் குளிரணும்னு இருக்கதுலயே குளிர்ச்சியான இடமாப் பாத்து, டப்பாவுக்குள்ள போட்டு, பின்னால தள்ளி வச்சேன். பெருமையா வச்சேன். டப்பாவை ஆட்டி ஆட்டி எடுத்தேன், மூடி வரமாட்டேங்கு, வேட்டி முனையைச் சுத்தித் திருகுனேன். இன்சுலின் பாட்டில். நேத்து ராத்திரி போட்டது போக அடியில கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் வெள்ளைக் கட்டியா, பாட்டிலைக் கவுத்தாலும் கீழ வராம ஒட்டிக்கிட்டு நிக்கு. அட்டைப்பெட்டியை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ரெண்டு டிகிரியில இருந்து எட்டு டிகிரி. அதுக்கு அடியில பொடி எழுத்துல டு நாட் ஃப்ரீஸ். ஆறு வருசமா இந்தப் பெட்டியைக் கையில பிடிக்கேன், ஃப்ரிட்ஜுல வைக்கணும்ங்கது மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு. உறையக் கூடாது. உறைஞ்சா செத்துப்போன மருந்து. நான் மூணு வாரமா என் பொண்டாட்டிக்குச் செத்த மருந்தைக் குத்திக்கிட்டு இருந்திருக்கேன். குளிர்ந்த மருந்தைப் போட்டா அவளுக்கு வலிக்குமேன்னு ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு உருட்டி உருட்டி, வாயால ஊதிச் சூடாக்கிப் போடுவேன். பத்து நாளா உள்ள சின்னச் சின்னத் துகளாக் கிடந்துச்சு. பாத்தேன். உருட்டுனா கரையும்னு நினைச்சேன். அடப்பாவி. பாத்துட்டே போட்டிருக்கேன்.

அப்பம் அவ திங்கல. ஒரு வாய் கூடத் திங்கல. இதை நினைச்ச ஒடனே முக்காலியிலயே உக்காந்துட்டேன். வேட்டி நனைஞ்சு ஈரம் காலுக்கு வருது. திங்காதவளைப் பாத்துத்தான் தின்னுட்ட தின்னுட்டன்னேன். நேத்து சாயங்காலம் அவ கொத்தமல்லி எடுக்க ஃப்ரிட்ஜைத் தொறந்து நிக்கா, எதுத்த வீட்டு லீலா வாசல்ல நிக்கா, நான் பின்னால இருந்து, "என்னத்தத் துழாவுத, நாக்கு கேக்க மாட்டேங்கோ"ங்கேன். லீலா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. இவ கதவை மெதுவாச் சாத்துனா, "இனி இந்த ஃப்ரிட்ஜைத் தொட்டா நான் மனுசியே இல்ல"ன்னா, அதோட சரி. செண்பகாகிட்டப் போன்ல சொன்னேன், "உங்கம்மைக்கு அறுபதுல சிறுபிள்ளைப் புத்தி வந்துருச்சு"ன்னு, இவ காதுல விழட்டும்னே சத்தமாச் சொன்னேன். எல்லாத்தையும் விட அந்த ஆஸ்பத்திரி. ரெண்டு தடவை டோஸைக் கூட்டிட்டாரு டாக்டர். பதினெட்டுல இருந்து இருபத்திரெண்டு, முந்தாநேத்து இருபத்தெட்டு. எழுதும்போது இவ குனிஞ்சுக்கிட்டே, "டாக்டர், நான் நெசமா ஒண்ணும் திங்கல"ன்னா. டாக்டர் சிரிச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. நானும் சிரிச்சேன். கண்ணடிச்சேன். ஆமா, கண்ணடிச்சேன், இல்லன்னு சொல்லி என்ன ஆகப்போகுது. அவ எல்லாத்தையும் பாத்தா. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ ஏறும்போது கையைப் பிடிச்சேன், உருவிக்கிட்டா. சுகருக்கு ஆங்காரம் வேறயான்னு நினைச்சேன். என்ன மனுசன் நான். ஒரு பொம்பளை தன் வாய்க்குள்ள என்ன போச்சு, போகலன்னு சொல்லுதா, அதை நம்புததுக்கு எனக்கு ஒரு பாட்டில் உறைஞ்சு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு.

சொல்லணும். இப்பவே போய்ச் சொல்லணும். எப்படித் தொடங்க? உலகு, ஒரு சங்கதி கேளு, நான் ஒரு கோட்டிக்காரன்னு தொடங்கலாம். சிரிப்புக் காட்டிச் சொன்னா லேசாப் போயிரும். வேண்டாம், லேசாப் போகக் கூடாது. உலகு, என்னை மன்னிச்சிருளா. சீ, அந்த வார்த்தை என் வாய்ல வந்ததே இல்ல, நாடகம் மாதிரி இருக்கும். காலைப் பிடிச்சுரலாம், அது சுளுவு. ஐஸ் பெட்டியில இருந்து ஒரு பாளம் தொப்புன்னு விழுகுது, எடுத்து வாளியில போடுதேன். தட்டைக் கழுவுதேன். கழுவுன தட்டையே திருப்பிக் கழுவுதேன். பயமா இருக்கு, அதான் நெசம். முனிசிபாலிட்டி கமிஷனரை எதுத்துப் பேசியிருக்கேன், இவகிட்டப் போய் நான் தப்புன்னு சொல்லப் பயமா இருக்கு. உள்ரூம்ல என்னமோ சத்தம், கட்டில் கிறீச்சுன்னுது, "ஏங்க"ன்னு கூப்பிட்ட மாதிரியும் இருக்கு, கூப்பிடாத மாதிரியும் இருக்கு. அவளா வந்து முதல்ல பேச மாட்டா, காத்தாத்தான் இருக்கும். தட்டைத் தொடைச்சு வச்சுட்டுப் போவோம். நல்லவேளை, இன்னைக்குக் காலையில இந்தச் செத்த மருந்தைப் போடல. மிச்சம் பத்தாதுன்னு புதுப் பாட்டிலை எடுத்துட்டேன். நேத்து வாங்கிட்டு வந்த பாட்டிலை அவதான் வச்சா. ஃப்ரிட்ஜைத் தொட மாட்டேன்னு சபதம் போட்டவ, ஃப்ரிட்ஜு வாரதுக்கு முன்னால வச்ச மாதிரியே, ஈர மணல் போட்ட மண் குடுவைக்குள்ள வச்சிருந்தா. கையில எடுத்தப்பம் இதமா இருந்துச்சு. உருட்டிச் சூடாக்கவே வேண்டியிருக்கல. பால் மாதிரி ஒரு துகள் இல்லாம இருந்துச்சு. நல்ல மருந்து. அவ கோவத்துல வச்ச மருந்துதான் நல்ல மருந்து.

நல்ல மருந்து. இருபத்தெட்டு. தட்டு கையில நிக்கு. குழாய்ல அடைப்பு இருக்கும்போது தண்ணி வரலன்னு வால்வைக் கூட ரெண்டு சுத்து தொறந்து விடுவோம். அப்பவும் வரலன்னா இன்னும் ரெண்டு. பொறவு என்னைக்காவது அடைப்பு தானாப் போயிரும். அன்னைக்கு வால்வைக் குறைக்க மறந்தவன் செத்தான், போற வேகத்துல குழாய் வெடிச்சுரும். செத்த மருந்துக்குத்தான இருபத்தெட்டு? நல்ல மருந்துக்குப் பதினெட்டே போதுமே. ஏழரைக்குப் போட்டேன். ஒரு இட்லி. ஒண்ணு கூட இல்ல, பாதியைக் காக்காய்க்கு வச்சா. மணி பதினொண்ணே கால். சுவரைப் பாத்துப் படுத்திருக்கா, கோவம்னுதான நான் இங்க உக்காந்திருக்கேன், எட்டிக் கூடப் பாக்காம உக்காந்திருக்கேன். ஏங்கன்னு கூப்பிட்டாளே. தட்டு எங்க விழுந்துச்சுன்னு தெரியல.

"ஏளா உலகு." சுவரைப் பாத்துத்தான் படுத்திருக்கா. தோளைத் தொட்டேன், ரவிக்கை தொப்பலா நனைஞ்சு கிடக்கு. திருப்புனேன். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப்போய், கை வெடவெடன்னு ஆடுது. கண்ணு தொறந்துதான் இருக்கு, என்னைத் தாண்டி எங்கயோ பாக்குது. சுகர் பாக்குத மிஷினை எடுத்து அவ விரல்ல குத்துனேன், அவசரத்துல ரத்தம் வைக்குத பட்டை ரெண்டு வீணாப் போச்சு. நாப்பத்தெட்டு. ஓடுனேன். சர்பத் பாட்டிலை எடுத்து டம்ளர்ல கால்வாசி ஊத்தி, தண்ணியைக் கலந்து, தரையில கிடந்த மாவுச்சட்டியை மிதிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தேன். முதுகுக்குக் கீழ கையைக் கொடுத்துத் தூக்கி உக்கார வச்சு என் மேல சாய்ச்சுக்கிட்டேன். எம்புட்டு லேசா இருக்கா. "குடி, மெதுவாக் குடி, முழுங்கு." மோந்து பாத்தா. முகத்தைத் திருப்பிக்கிட்டா.

"இனிப்பா? வேண்டாம்."

"குடிக்கணும் உலகு. உனக்குச் சுகர் இறங்கிப் போச்சு."

"வேண்டாம். அவுக வைவாக."

யாருன்னு நினைச்சுப் பேசுதா என்கிட்ட? என்னை யாருன்னு நினைக்கா? லீலான்னா, செண்பகான்னா, செத்துப்போன அவ அம்மைன்னா? என் நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு, என் கையில இருக்க டம்ளரைத் தள்ளிக்கிட்டு, என்னைப் பத்தி என்கிட்டயே சொல்லுதா. "அவுக மோந்து பாப்பாக. டாக்டர்கிட்டச் சொல்லிருவாக." பல்லைக் கடிச்சுக்கிட்டா. வலுக்கட்டாயமா ஊத்துனா புரைக்கேறிரும். அறுபத்திநாலு வருசத்துல நான் யாருக்கும் இம்புட்டுப் பயந்தது இல்ல, என் பேரைக் கேட்டு ஒருத்தி இம்புட்டுப் பயந்ததையும் பாத்தது இல்ல. அவ காதுகிட்டக் குனிஞ்சேன். "அவுக இங்க இல்ல தாயி."

"இல்லயா?"

"வெளிய போயிருக்காக. வெகுதூரம் போயிருக்காக. வாரதுக்குள்ள குடிச்சிரு. நான் சொல்லவே மாட்டேன்."

வாசலைப் பாத்தா. ஒருக்கப் பாத்துட்டு, ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சு, மடக்கு மடக்குன்னு குடிச்சா, நடுவுல ஒரு தடவை நிறுத்தி மறுபடியும் வாசலைப் பாத்துக்கிட்டுக் குடிச்சா. நான் டம்ளருக்கு அடியில கையை வச்சுக்கிட்டு அழுதேன். சத்தம் வராம அழுதேன். சத்தம் கேட்டா நான் யாருன்னு தெரிஞ்சுருமே, குடிக்கதை நிறுத்திருவாளே.

கால் மணி நேரம் பொறுத்துப் பாக்கணும். கால் மணி நேரம்னா எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன், மேல்தொட்டி நாலு அடி ஏறுத நேரம். இது ஏறவே மாட்டேங்கு. அவ தலை என் தோள்ல, முடியெல்லாம் நனைஞ்சு வாசனை இல்லாம, வெறும் வேர்வை வாடையா இருக்கு. துண்டை எடுத்துக் கழுத்தைத் தொடைச்சேன். ஊசி போட்டுப் போட்டு வயித்துல ஒரு இடம் கருத்துக் கிடக்கும், தொடை மேல ஒண்ணு, நான்தான் இடம் மாத்தி மாத்திப் போடுவேன். ஒரு நாளும் வலிக்குன்னு சொன்னது இல்ல. கலியாணமான புதுசுல நான் ராத்திரி வேலைக்குப் போயிட்டு விடியக்காலம் வந்து கதவைத் தட்டுவேன், யாருன்னு கேக்க மாட்டா, அப்படியே தொறப்பா. ஏளா யாருன்னு கேட்டுத் தொறன்னு வைவேன். "உங்க தட்டுத எனக்குத் தெரியாதா"ம்பா. என் தட்டுத சத்தம் தெரிஞ்சவளுக்கு இன்னைக்கு என் முகம் தெரியல. தெரியாம இருந்ததுனாலதான் குடிச்சா. இதைக் கொண்டுபோய் நான் எங்க வைக்க? கடவுளே, இவ கண்ணு ஒருக்க என்னை நேராப் பாக்கட்டும், பாத்து என்னத்த வேணும்னாலும் சொல்லட்டும், வையட்டும், அடிக்கட்டும். கை ஆடுதது குறையுதா, எனக்கு அப்படித் தோணுதா? திருப்பிக் குத்துனேன். எழுபத்தொம்பது. ஏறுது. மூணு வாரமா ஏறுதே ஏறுதேன்னு வஞ்ச வாயால ஏறுதுன்னு சொல்லி அவ நெத்தியில முத்தம் குடுத்தேன்.

"என்னங்க இது, பட்டப்பகல்ல"ன்னா.

பாத்துட்டா. என்னைத்தான் பாக்கா. குரல் கம்மிப் போய்க் கிடக்கு, ஆனா அவ குரல்தான். "ஏன் அழுதீக? எனக்கு என்ன ஆச்சு? உங்களைக் கூப்பிட்டேனே." கூப்பிட்டிருக்கா. காத்து இல்ல. மிச்சம் இருந்த இட்லி ரெண்டைக் கொண்டுவந்து, பிட்டுப் பிட்டு வாய்ல வச்சேன். தின்னுக்கிட்டே இருக்கும்போது சொன்னேன். நினைச்சு வச்ச வார்த்தை ஒண்ணும் வரல. ஃப்ரிட்ஜுத் திருகுல இருந்து தொடங்குனேன், வலப்பக்கம் திருப்புனேன்ளா, வால்வுன்னு நினைச்சுத் திருப்புனேன், மருந்து உறைஞ்சு போச்சு, மூணு வாரமா நான் உனக்குப் போட்டது மருந்தே இல்ல, அதான் ஏறுச்சு, நீ ஒண்ணும் திங்கல, புது மருந்தைக் கூடுதலாப் போட்டுட்டேன், உன்னைக் கொல்லப் பாத்தேன்ளா. இட்லியை மெதுவா மென்னா. சிரிப்பான்னு நினைச்ச இடத்துல சிரிக்கல. தண்ணி கேட்டா, குடுத்தேன். டம்ளரைக் கீழ வச்சுட்டு, "டாக்டருக்குப் போன் போடுங்க"ன்னா.

போட்டேன். போடத்தான வேணும், ராத்திரிக்கு எம்புட்டுப் போடணும்னு கேக்கணும்லா. "சத்தமா வைங்க"ன்னா, ஸ்பீக்கர்ல வச்சேன். டாக்டர் எல்லாத்தையும் கேட்டாரு, இப்பம் எம்புட்டு இருக்குன்னாரு, இன்னொருக்கப் பாத்துச் சொன்னேன், நூத்தி நாலு. சாயங்காலம் மட்டும் மணிக்கு ஒருக்கப் பாத்து எழுதி வைங்க, ராத்திரி ஊசி போடுததுக்கு முன்னால எனக்குப் போன் பண்ணாமப் போடாதீங்க, உறைஞ்ச பாட்டிலைத் தூரப் போடுங்கன்னாரு. சரி டாக்டர், சரி டாக்டர்னேன். வைக்கப் போனாரு. உலகு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, கண்ணை எடுக்காம. "டாக்டர், வச்சுராதீங்க"ன்னேன். "அன்னைக்கு என் வீட்டுக்காரி ஒண்ணும் திங்கலன்னு உங்ககிட்டச் சொன்னா. நீங்க சிரிச்சீங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அவ சொன்னதுதான் நெசம். ஒரு வாய் கூடத் திங்கல. தப்பு எம்பேர்லதான்." "சாரின்னு அம்மாகிட்டச் சொல்லுங்க"ன்னாரு. அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்னேன். போனை வச்சேன்.

மூணு வாரமா ஒரு சொட்டு அழாதவளுக்கு இப்பம் கண்ணு நிறைஞ்சு வழியுது. தொடைக்கப் போனேன், கையைத் தட்டி விட்டுட்டா.

"இன்னொருக்கச் சொல்லுங்க"ன்னா.

சொன்னேன்.